மாரித்தாயின் நாற்பது பங்குகள்

ஆமத்தூரில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் கடைக்குச் சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும்தான் ஆட்கள் வருவார்கள். பங்கு விலை கேட்டு வருகிற ஒரே ஆள் மாரித்தாய் அக்கா. நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையில் இருபத்திரண்டு வருடமாகப் பேக்கிங் வேலை. மகள் பொன்மணி வேலைக்குப் போனதும், சீட்டுப் பணத்தில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியின் நாற்பது பங்குகளை வாங்கினார்.

"ஏன்க்கா இந்தக் கம்பெனி?" என்று கேட்டேன்.

"நாங்க வெடி அடுக்குற பெட்டி பூராம் அவுகளோடதுதான் தம்பி. எம்புட்டு பாரம் வச்சாலும் அடி விடாது."

போன வருடம் கம்பெனியின் ஆண்டறிக்கை வந்தது. விற்பனை முப்பது சதவீதம் கூடியிருப்பதாக வாசித்துக் காட்டினேன். அக்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை.

"வருசக் கணக்கு முடியிற மார்ச் கடைசியில எங்க ஷெட்டுக்கு ஆறு லோடு பெட்டி வந்துச்சு. யாரும் ஆர்டர் போடலை. ஏப்ரல்ல பங்குனிப் பொங்கல் முடிஞ்ச வாரம் அம்புட்டையும் நாங்களே திருப்பி ஏத்திவிட்டோம். அதையும் வித்ததா எழுதியிருப்பாகளோ?"

"இதைக் கேட்க வேண்டாம்க்கா, உங்க முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்" என்றேன்.

"கேட்கத்தானே செய்யுதோம். பங்கு வச்சிருக்கவுக கூட்டத்துல கேட்கலாம்னு நீங்கதானே வாசிச்சீக."

ஆண்டுப் பொதுக்கூட்டம் இணையத்தில் நடந்தது. பேசுவதற்கு முன்கூட்டியே பெயர் கொடுத்து, அன்றைக்கு ஆலை வேனில் ஏறாமல் அக்கா என் கடைக்கு வந்தார். புதுச் சேலை. முறை வந்ததும் கும்பிட்டுவிட்டு, மார்ச்சில் போய் ஏப்ரலில் திரும்பிய சரக்கு எந்தக் கணக்கில் இருக்கிறது என்று நிதானமாகக் கேட்டார். "மின்னஞ்சலில் பதில் அனுப்புவோம்" என்றார் தலைவர். இரண்டு மாதம் காத்திருந்தோம். பதில் இல்லை.

பிறகுதான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்குப் புகார் எழுதினோம். அக்கா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். லாரி வந்த நாள், திரும்பிய நாள், எத்தனை கட்டு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

சில மாதங்களில் கம்பெனி திருத்திய கணக்கை வெளியிட்டது. லாபம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. பங்கு விலை பாதிக்குக் கீழே இறங்கியது. அக்காவின் நாற்பதும் சேர்ந்துதான் இறங்கியது.

பட்டாசு ஆலை முதலாளி அய்யாதுரை அக்காவை அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். தன் சிநேகிதரான அட்டைப்பெட்டிக் கம்பெனித் தலைவர் கேட்டாரென்று ஷெட்டில் சரக்கை வைக்க இடம் கொடுத்தவர் அவர்தான். அங்கே நடந்ததை அக்காவே வந்து சொன்னார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மான்னு கேட்டாரு. சொல்லியிருந்தா எழுத விட்டிருப்பீகளா முதலாளின்னு கேட்டேன். அதுக்கு, சரி போ, லோடு நிக்கிதுன்னுட்டாரு."

வேலை போகவில்லை. அன்றைக்கு மறுபடி விலையைப் பார்க்கச் சொன்னார். இன்னும் இரண்டு ரூபாய் குறைந்திருந்தது. விற்றுவிடலாமா என்று கேட்டேன்.

"எதுக்கு? பெட்டி நல்ல பெட்டிதானே. கணக்குல சொன்னதுதான் பொய்யி. இப்ப உள்ளதைச் சொல்லிட்டாக, விலையும் கொறைச்சல். இன்னொரு பத்து பங்கு போடுங்க."

போட்டேன். எனக்கும் ஐந்து வாங்கிக்கொண்டேன்.