செம்பூர்க் குழாயும் என் லாடச் செருப்பும்

என் மூளை குதிகாலில் இருந்த காலம் அது. நான் நடந்தால் தாராவிச் சந்தே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று செருப்பின் அடியில் இரும்பு லாடம் அடித்து வைத்திருந்தேன். டக், டக்! குதிரை கூட என்னைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கும்.

அறுபதுகளில், பம்பாயில் செம்பூர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் குழாய் பதிக்கும் வேலை எனக்கு. காய்ச்சிய தாரைக் குழாய்மேல் ஊற்றி, கண்ணாடிநார்த் துணியை இறுக்கிச் சுற்றுவோம். மண்ணுக்குள் போகிற இரும்பு துருப்பிடிக்காமலிருக்க அதுதான் சட்டை. சட்டையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கப் புதிதாக ஒரு மெஷின் வந்து இறங்கியது. குழாயைச் சுற்றி ஸ்பிரிங் வளையம், அதில் கரண்ட். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் பொறி பறக்கும், கீச்சென்று கத்தும். எனக்குத் தூக்கமே போயிற்று!

எங்கள் மேஸ்திரி திருநெல்வேலிக்காரர். "ஏலே, நீ சுத்துன பாகத்துல மெஷினு கத்தலன்னா அடுத்த லைனுக்கும் நீதான். கத்திச்சுன்னா, நீ முன்ன இருந்த சோப்பு கம்பெனிக்கே ஓடிரு" என்றார்.

சோதனையன்று கம்பெனி கொடுத்த கேன்வாஸ் ஷூவை வீட்டில் விட்டுவிட்டு, லாடச் செருப்போடு போனேன். பக்கத்துக் கோவண்டியில் இருந்த என் மச்சானையும் வேடிக்கை பார்க்க இழுத்துப் போயிருந்தேன்.

"என்ன மாப்ள, கொழாய்க்கு வைத்தியமா?"

"சும்மா இரும் மச்சான், நாடி பாக்குதாவ!"

பள்ளத்தின் ஓரம் மணல்மூட்டைகள்மேல் கிடந்த குழாயில் வளையம் நகர்ந்தது. என் பாகம் ஆரம்பித்தது. ஒரு சத்தமில்லை. பாதி தாண்டியது. சத்தமில்லை. கடைசியும் வந்துவிட்டது!

"ஏக்தம் பராபர்!" என்றார் மெஷின்காரர். எல்லாம் கச்சிதமாம்.

அவ்வளவுதான். தாவிக் குழாய்மேல் ஏறினேன். கோயில் கொடைக்குக் கூட அப்படி ஆடியதில்லை. மச்சான் விசிலடிக்க விசிலடிக்க, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஆடித் தீர்த்து இறங்கினேன்.

சாயா குடிக்கப் போயிருந்த மேஸ்திரி அப்போதுதான் வந்தார். "நான் பாக்காண்டாமா? ஃபிர் சலாவ்!"

மெஷின் மறுபடி கிளம்பியது. கீச்! இரண்டடி தள்ளிக் கீச்! கீச்! பட்டப்பகலில் தீபாவளி.

நான் முந்திக்கொண்டேன். "மேஸ்திரி, புது மெஷினுல்லா... கெட்டுப்போச்சோ?"

அவர் குனிந்து தாரைத் தடவிப் பார்த்தார். வலது, இடது, வலது, இடது என்று வரிசையாகக் குழிகள். நிமிர்ந்து என் காலைப் பார்த்தார்.

"செருப்பக் கழத்திட்டுத் தாரக் காய்ச்சுல."