104729 எதிலும் வகுபடவில்லை

என் அக்கா வளர்மதியின் கணவர் காசிநாதன் ஜெயங்கொண்டத்தில் கணக்கு வாத்தியார். யாராவது கோயிலில் பூக்கட்டிப் பார்க்கப் போனால் விடமாட்டார். "வெள்ளைப்பூ வந்தா கல்யாணம், செவப்பு வந்தா வேணாமா? நல்லா இருக்குய்யா ஒங்க கணக்கு!" என்று கேலி செய்வார். அப்படிப்பட்ட மனுஷனுக்குப் பகா எண் என்றால் பயம்.

வகுப்பில் அதை அழகாகத்தான் சொல்லிக்கொடுப்பார். நாற்பத்தேழு பேரை இரண்டிரண்டாக நிறுத்து, ஐந்தைந்தாக நிறுத்து, யாராவது மிஞ்சிப்போவார்கள். ஆனால் அவருடைய தம்பி சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டுச் செத்தபோது ஓட்டிய பைக்கின் எண் 7919. அதை ஒருநாள் வகுத்துப் பார்த்துவிட்டார். எதிலும் போகவில்லை. அன்றிலிருந்து கதவு எண், பஸ் எண் எதையும் அவர் வகுத்துப் பார்க்காமல் விட்டதில்லை. நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டோம், அது எங்கள் தப்பு.

ஆனி மாதம் அக்காவுக்கு மார்பில் கட்டி தெரிந்தது. மூவரும் பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே கொடுத்த பதிவுச் சீட்டில் இருந்த எண் 104729. மாமா பேனாவை எடுத்தார். போனில் போட்டால் நொடியில் தெரியும், அவர் கையால் வகுத்தால்தான் நம்புவார். ஏழில் மீதி இரண்டு. பதிமூன்றில் மீதி ஒன்று. வர்க்கமூலம் 324-க்குள் இருப்பதால் அதற்கு மேல் பார்க்க வேண்டாம், மொத்தம் அறுபத்தாறு பகா எண்கள்தான் என்று எனக்கு விளக்கம் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒன்றிலாவது மீதியில்லாமல் போகாதா என்று நானும் வேண்டிக்கொண்டேன். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. கடைசியாக 317. மீதி 119.

"மாப்ள, இங்க வேணாம். வேற ஆஸ்பத்திரி பாத்துக்கலாம்."

"அடுத்து நம்மளத்தான் கூப்புடப் போறாங்க மாமா!"

"தம்பிய குடுத்தது பத்தாதா? இவளையும் குடுக்கச் சொல்றியா?"

அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பிறகு ஆடி வந்தது. ஆடியில் எதையும் தொடங்க வேண்டாம் என்றார். ஆவணியில் பள்ளியில் ஏதோ வேலை என்றார். கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. அக்கா இடது கையைத் தூக்க முடியாமல் ஒற்றைக் கையால் தலை வாரிக்கொண்டாள்.

புரட்டாசியில் திருச்சிக்குப் போனோம். அங்கே கிடைத்த எண் 58800. "ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, எல்லாத்துலயும் போவுது மாப்ள!" என்று வராண்டாவில் நின்று மாமா சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

டாக்டரம்மா ஸ்கேனை வெகுநேரம் பார்த்தார்.

"அக்குள் வரைக்கும் பரவிடுச்சு. ஆனியிலயே வந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன். யாரு ஒங்கள இவ்வளவு நாள் வுட்டுவச்சது?"

மாமா வாயைத் திறந்தார். அக்கா முந்திக்கொண்டாள்.

"இவரு தெனமும் கூப்டுக்கிட்டேதான் இருந்தாருங்க. நாந்தான் பயந்துகிட்டு வரல."