மாடிக்குத் தாமதமாக வந்த விசில்

நடுவரின் சட்டையை எப்படித் துவைக்க வேண்டும் என்பது இன்ஷிராஹுக்குத் தெரியும். உள்புறத்தை வெளியே திருப்பி, தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு அலசி, நிழலில் காயப்போட வேண்டும். வெயிலில் போட்டால் கறுப்பு பழுப்பாகிவிடும். பழுப்பேறிய சட்டையோடு இறங்குகிற நடுவரை ஆட்டக்காரர்கள் மதிக்க மாட்டார்கள் என்பது அவள் எண்ணம். மார்பில் இருக்கும் நடுவர் சங்கச் சின்னத்தையும் அவள்தான் தைப்பாள், தையல் வெளியே தெரியாமல். தமன்ஹூர் கடைவீதியில் பொத்தான், ஜிப், நூல், லேஸ் விற்கும் சின்னக் கடை அவளுடையது. படிப்பு ஆறாவதோடு நின்றுபோனது. ஆனால் கடையில் ஒரு பொத்தான் வேறு பெட்டியில் விழுந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

அவளுடைய தம்பி லுத்ஃபி, பகலில் குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர். வெள்ளிக்கிழமைகளில் இரண்டாம் பிரிவுக் கால்பந்து ஆட்டங்களின் நடுவர். கணவன் இறந்தபின் அவள் தாய்வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மாவும் போனபின் அக்காவும் தம்பியும் மட்டும்தான். கடைக்கு வருகிறவர்களிடம் நூல்கண்டைக் கொடுக்கும்போதே, "என் தம்பி இந்த வாரம் அஸ்வான்ல ஆட்டம் நடத்தப் போறான்" என்று சொல்லிவிடுவாள். கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி.

நடுவர் வேலை மைதானத்தோடு முடிவதில்லை. அக்காவின் கடைக்கு எதிரே இருக்கும் காப்பிக்கடையில் லுத்ஃபி உட்கார மாட்டான். யாரோடு உட்கார்ந்தான் என்று மறுநாள் பேச்சு வரும். முடிவெட்ட ரயிலேறி அடுத்த ஊருக்குப் போவான். ஒருமுறை உள்ளூர் நாவிதர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, "அந்தப் பெனால்டிய ஏன் குடுக்கல, கேப்டன்?" என்று கேட்டதிலிருந்து அப்படி. நடுவரையும் அங்கே கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெண் பார்க்கப் போன இடத்திலும் பெண்ணின் அப்பா அதே பெனால்டியைத்தான் கேட்டார். சம்பந்தம் தேநீரோடு முடிந்துவிட்டது.

அம்மா இறந்த வருடம் ஒரே ஒருமுறை இன்ஷிராஹ் ஆட்டம் பார்க்கப் போனாள். அரங்கம் முழுவதும் ஒரே குரலில் நடுவரின் தாயைத் திட்டியது. பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்த லுத்ஃபி அவள் அழுததைப் பார்த்துச் சிரித்தான்.

"அவங்க திட்டுறது நம்ம அம்மாவ இல்ல, அப்லா. விசிலோட அம்மாவ."

அக்காவை அவன் எப்போதும் அப்லா என்றுதான் கூப்பிடுவான்.

பருவத்தின் கடைசி நாள். தமன்ஹூரின் அணி நஹ்தா, கீழ்ப்பிரிவுக்கு விழும் விளிம்பில் இருந்தது. தன் ஆட்டத்தை அது மதியமே முடித்திருந்தது. மிச்சமெல்லாம் கால்வாய்க் கரை ஊர் ஒன்றில் நடக்கும் இன்னொரு ஆட்டத்தில் இருந்தது. அங்கே ஷுரூக் அணியிடம் மினா அணி தோற்றால் நஹ்தா தப்பிக்கும். தோற்காவிட்டால் நஹ்தா போகும். அந்த ஆட்டத்துக்கு நடுவர் லுத்ஃபி. ஒரு நடுவரை அவருடைய சொந்த ஊர் அணியின் ஆட்டத்துக்குப் போடுவதில்லை. ஆனால் சொந்த ஊரின் தலையெழுத்து எங்கோ தொலைவில் நடக்கும் ஆட்டத்தில் மாட்டிக்கொள்ளும் என்று யாரும் யோசிக்கவில்லை.

முந்தின கலாட்டாவுக்குத் தண்டனையாக அந்த அரங்கத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. தொலைக்காட்சியும் இல்லை. சாலைக்கு அப்பால் இருந்த வீடுகளின் மொட்டைமாடிகளில் ஆட்கள் நின்று கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இங்கே தமன்ஹூரில், கடைக்கு எதிரே காப்பிக்கடையில் ஊரே கூடியிருந்தது. இன்ஷிராஹ் கல்லாவுக்குப் பின்னால் நின்று லேஸைச் சுற்றுவதுபோலப் பாவனை செய்தாள்.

முடிய சில நிமிடங்கள் இருக்கும்போது காப்பிக்கடை வெடித்தது.

"கோல்! மினாக்கு விழுந்துருச்சு! தப்பிச்சோம்டா!"

நாற்காலிகள் கவிழ்ந்தன. கடைக்காரர் ஸக்லூல் எல்லோருக்கும் இலவசத் தேநீர் என்று கத்தினார். தெருவில் போன முச்சக்கர வண்டிகள் ஹார்ன் அடித்தன. இன்ஷிராஹும் சிரித்துவிட்டாள்; அவளும் இந்த ஊர்க்காரிதானே.

பிறகு கூச்சல் ஒரு மூலையிலிருந்து அடங்கத் தொடங்கியது.

"இல்லையாம்டா. அதுக்கு முன்னாலயே விசில் அடிச்சுட்டானாம். ஃபவுல் குடுத்தானாம்."

"யாருக்கு ஃபவுல்?"

"கோல் போட்டவங்களுக்கேதான்!"

"அவங்களுக்கே ஃபவுல் குடுத்து, அவங்க கோலயே அழிச்சானா? எந்தக் கழுதைடா ரெஃப்ரி?"

ஒவ்வொரு முகமாக அவள் கடைப்பக்கம் திரும்பியது. ஃப்ரீ கிக் தடுத்து நின்ற ஆட்டக்காரர் வரிசையில் மோதிப் போனது, ஆட்டம் சமமாக முடிந்தது என்ற செய்தியும் வந்தபோது, அவள் கதவை இழுத்துக்கொண்டிருந்தாள்.

லுத்ஃபி மறுநாள் வந்தான். கன்னத்தில் நகக்கீறல். வேகவைத்து மசித்த மொச்சை ஃபூலும் ரொட்டியும் எடுத்துவைத்தாள். அவன் ரொட்டியைப் பிய்த்தான், சாப்பிடவில்லை.

"அவசரப்பட்டுட்டேன், அப்லா. ஷுரூக் பையன மினாக்காரன் இழுத்தான். நான் ஊதிட்டேன். ஒரு மூச்சு பொறுத்திருக்கணும். பையன் விழுந்துக்கிட்டே பந்தத் தள்ளிட்டான், அது உள்ள போயிருச்சு. ஆனா விசில் ஊதியாச்சு. ஊதினப்புறம் எதுவும் கணக்குல வராது."

"தப்பு உன்னுதுன்னு சொல்றியா?"

"ஊதினது தப்பு. அழிச்சது தப்பு இல்ல."

இந்த வித்தியாசம் அவளுக்குப் புரிந்தது. ஊருக்குப் புரியவில்லை. அன்றைக்கு மாலைக்குள் ஒரு காட்சி எல்லோர் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. மொட்டைமாடியிலிருந்து எடுத்தது. ஷுரூக் ஆட்டக்காரன் விழுகிறான், பந்து கோட்டைத் தாண்டுகிறது, வலை அசைகிறது. அதற்கப்புறம் விசில் கேட்கிறது. தெளிவாக. அரங்கம் காலியாக இருந்ததால் வேறு எந்தச் சத்தமும் அதை மறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நஹ்தா கழகத்தின் செயலாளர் ஹாஜி பஸ்யூனி வீட்டுக்கு வந்தார். பெயிண்ட் கடைக்காரர், மரியாதையான மனிதர். கையில் ஒரு பெட்டி பஸ்பூஸா இனிப்பு. லுத்ஃபி அதைத் தொடவில்லை என்பதைப் பார்த்து, அவரே மேசையின் நடுவுக்குத் தள்ளிவைத்தார்.

"மகனே, கெய்ரோல நடுவர் கமிட்டி உன்னக் கூப்பிட்டிருக்கு. விசில் பந்துக்கு அப்புறம்னு நீ சொன்னா ஆட்டத்த மறுபடி நடத்தியாகணும், அதான் சட்டம். எங்களுக்கு ஒரு உசிரு கெடைக்கும். உனக்கும் நல்லது. ஏதோ குழப்பத்துல கோல அழிச்சுட்டேன்னு சொல்லு, ஒரு மாசம் உக்கார வைப்பாங்க, போயிரும்."

"முன்னாடியே ஊதிட்டேன், ஹாஜி."

"படத்துல அப்புறம்தானப்பா கேக்குது! என் ஏழு வயசுப் பேத்தி சொல்லுது."

"மாடி ரொம்பத் தூரம். சத்தம் அங்க போய்ச் சேர நேரமாகும். கண்ணுக்கு மொதல்ல தெரியும், காதுக்குப் பின்னாடிதான்."

பஸ்யூனி அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "சத்தம் என்ன, மைக்ரோபஸ் புடிச்சா வருது? வழியில ஆள் ஏத்திக்கிட்டு?"

லுத்ஃபி சிரிக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பொய் சொல்லச் சொல்லல. எனக்குச் சரியா ஞாபகம் இல்லன்னு சொல்லு. அது போதும். மனுசனுக்கு மறக்கக்கூடாதா?" எழுந்து வாசல் வரை போனவர், இன்ஷிராஹ் பக்கம் திரும்பினார். "அம்மா, நீயாவது சொல்லு. நாளைக்கும் இதே தெருவுலதான் நீங்க கடை தொறக்கணும்."

கடையை அவள் தினமும் திறந்தாள். யாரும் கல்லெறியவில்லை, எறிந்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. தையல்காரர்கள் நூலுக்கு அடுத்த தெருவுக்குப் போனார்கள். கல்யாண உடைக்கு மணிகள் சொல்லிவைத்திருந்த பெண், "வேணாம், அத்தே, வேற எடத்துல கெடச்சிருச்சு" என்று கண்ணைப் பார்க்காமல் சொல்லிப் போனாள். ஸக்லூல் மட்டும் காப்பிக்கடையிலிருந்து உரக்கக் கேட்டார்: "இன்ஷிராஹ், உன் தம்பி பொத்தானப் போட்டுட்டு அப்புறமா துளை போடுவானோ?" கடை முழுக்கச் சிரிப்பு. அவள் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பகல் பூராவும் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். விழுகிறான், வலை அசைகிறது, விசில். எத்தனை முறை பார்த்தாலும் அதே வரிசைதான்.

கமிட்டிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள், லுத்ஃபி ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கேட்டுவிட்டாள்.

"லுத்ஃபி, நெஜமாவே முன்னாடிதானா?"

பிரஷ் நின்றது. அவன் அண்ணாந்து அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அரங்கம் முழுக்கத் திட்டியபோது சிரித்தவன், இப்போது அடிபட்டவனைப்போல இருந்தான். பிறகு எழுந்து பையிலிருந்து விசிலை எடுத்தான்.

"மாடிக்குப் போ, அப்லா. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் காலி மனை தெரியும்ல, அங்க பாத்துட்டே இரு. நான் கையத் தூக்கிட்டு நிப்பேன். ஊதுற அதே நேரம் கையக் கீழ எறக்குவேன். சத்தம் கேட்டதும் நீ முக்காட்ட வீசு."

"விடுடா. நான் சும்மா கேட்டேன்."

"போ, அப்லா."

அவள் ஏறினாள். மாடியில் புறாக்கூண்டுகளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே நின்றாள். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. தெருவைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி அவன் நடந்துபோவது தெரிந்தது. குப்பைமேட்டுப் பக்கம் போய்த் திரும்பி நின்றான். கையை உயர்த்தினான்.

கை இறங்கியது.

எந்தச் சத்தமும் இல்லை. புறா ஒன்று சிறகடித்தது. அப்புறம்தான் விசில் வந்தது, மெல்லிசாக, வேறு யாரோ ஊதியதைப்போல.

அவளுக்கு முக்காட்டை வீசக் கை வரவில்லை. அவன் மறுபடி கையைத் தூக்கினான், மறுபடி இறக்கினான். மறுபடியும் முதலில் கை, பிறகுதான் சத்தம். இப்போது அவள் முக்காட்டைக் கழற்றி வீசினாள், வீசிக்கொண்டே இருந்தாள், போதும் போதும் என்பதைப்போல. அவன் நிறுத்தவில்லை. அவள் நம்பிவிட்டாள் என்று தெரிந்தபின்பும், யாரும் இல்லாத மனையில் நின்று அவன் கையை இறக்கி இறக்கி ஊதிக்கொண்டிருந்தான்.

அவள் கீழே ஓடிப்போய்க் காப்பிக்கடை வாசலில் நின்றாள். அந்த வாசலில் அவள் ஒருநாளும் நின்றதில்லை.

"ஸக்லூல் அண்ணே, ஒருதரம் எங்க மாடிக்கு வந்து பாருங்க. யாராவது ஒருத்தர் வாங்க. கண்ணால பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கினார்கள். ஒருவன், "மாடில பஸ்பூஸா உண்டா, அக்கா?" என்றான். ஸக்லூல் சிரிக்கவில்லை, ஈரத் துணியால் மேசையைத் துடைத்தபடி, "வீட்டுக்குப் போம்மா. நீ தம்பி பக்கம், நாங்க நஹ்தா பக்கம். மாடி ஏறினா மட்டும் மாறிருமா?" என்றார்.

லுத்ஃபி கெய்ரோவுக்குப் போனான். அறையில் மூன்று பேர் இருந்தார்கள், மூவரும் பழைய நடுவர்கள். அவன் சொன்னதைக் கேட்டதும் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. மினாவின் கோல்கீப்பர் பந்து வரும் முன்பே விசில் கேட்டுக் கையைத் தொங்கவிட்டிருந்ததை அவர்கள் படத்தில் பார்த்திருந்தார்கள். விசில் முன்னால்தான். முடிவு அப்படியே நிற்கும். பிறகு, அதே தாளில், பொறுக்காமல் ஊதி ஒரு கோலைக் கொன்றதற்காக அவன் பெயரை அடுத்த பருவத்தின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கடுத்த பருவத்தில் வயது வரம்பைத் தாண்டிவிடுவான். மூத்தவர் வாசல் வரை வந்து தோளைத் தட்டிச் சொன்னாராம்: "ஞாபகம் இல்லன்னு சொல்லியிருந்தா உன்னக் காப்பாத்தியிருக்கலாம், கேப்டன்."

நஹ்தா கீழே போனது. குடிநீர் அலுவலகத்தில் லுத்ஃபியை முன்மேசையிலிருந்து எடுத்துப் பின்னறையில் போட்டார்கள். கட்டணம் கட்ட வருகிறவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று விசிலடித்தார்கள். பஸ்யூனி தெருவில் பார்த்தால் சலாம் சொல்வார், நிற்க மாட்டார். பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். கல்யாண மணி கேட்டவள் வரவில்லை.

இன்ஷிராஹ் இப்போது தம்பியைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. சொல்ல நினைத்தால், முதலில் அவனிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றும். அன்றைக்கு ஏன் கேட்டேன் என்று. சாப்பாடு வைக்கும்போது வாய்வரை வரும். அவன் ரொட்டியைப் பிய்ப்பான், அவள் தண்ணீர் ஊற்றுவாள்.

புதுப் பருவம் தொடங்கிய வெள்ளிக்கிழமை, சட்டையைக் கடைக்கு எடுத்துப்போய், தானே தைத்த தையலைத் தானே பிரித்தாள். தையல் வெளியே தெரியாமல் தைத்திருந்ததால் நூலைத் தேடவே நேரமானது. சின்னம் கழன்று வந்த இடத்தில் துணி புத்தம்புதுக் கறுப்பாக இருந்தது. எவ்வளவு நிழலில் காயப்போட்டும் மற்ற இடமெல்லாம் வெளுத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. சின்னத்தை, ஜோடி இல்லாத பொத்தான்கள் கிடக்கும் பெட்டியில் போட்டு மூடினாள்.

மாலையில் வீட்டுக்குப் போனபோது லுத்ஃபி இல்லை. மாடிக்கு ஏறிப் பார்த்தாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், காலி மனையில் அவன் நின்றுகொண்டிருந்தான். கையைத் தூக்கவில்லை. அவள் முக்காட்டைக் கழற்றி வீசினாள். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.