எரிந்த மணத்துக்குக் கரி

“புகையை மெசின் பிடிக்கும், மணத்தை ஆர் பிடிக்கிறது?” என்று எங்களைப் பார்க்க வந்திருந்த அண்ணை கேட்டார். காற்றைச் சுத்தமாக்கும் அந்தப் பெட்டியை லண்டன் லூயிஷாம் கடையிலிருந்து நான் தூக்கிவந்த நாள் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். விளக்கப் புத்தகத்தை ஆங்கிலத்திலேயே வாசித்து, பிளக்கைச் செருகி, எரிந்த பச்சை விளக்கை அவருக்குக் காட்டினேன்.

மழையில்லாத அந்தக் கோடையில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னாலிருந்த காய்ந்த புல்மேடு பற்றி எரிந்தது. தீயை அணைத்துவிட்டார்கள், மணம் திரைச்சீலையிலும் கார்ப்பெட்டிலும் தங்கிவிட்டது. ஊரில் வீட்டுக்குள் வந்த புகை ஓட்டு இடுக்கால் தானே போய்விடும். குளிருக்காக இறுக்கி அடைத்த இந்த வீட்டில் வந்தது போக வழியில்லை. தொய்வு வருத்தமுள்ள அம்மா கட்டிலில் குந்தியிருந்து மூச்சை இழுத்துக்கொண்டே, “ஆரின்ர வீடு பிள்ளை எரியுது?” என்று கேட்டார். சண்டைக் காலத்தில் ஊரில் மணத்தை வைத்தே எரிவது ஓலையா, டயரா, வீடா என்று சொல்லிவிடுபவர். புல் என்றேன். நம்பவில்லை.

பெட்டி வாங்கிய அன்று, வீடு முழுக்க ஸ்மோக் என்று நான் சொன்னபோது, கடைக்காரர் என் கணவர் அவ்வளவு சிகரெட் பிடிப்பாரா என்று கேட்டிருந்தார். கணவர் இல்லை என்றேன். செத்தவீட்டில் சொல்வதுபோல ‘சொரி’ என்றார். மணம் போகவில்லை என்று திரும்பப் போனதும், அதற்குக் கரி நிரப்பிய தனி பில்டர் வேண்டும், வரச் சில கிழமைகள் எடுக்கும் என்றார். அம்மாவிடம் சொன்னேன்.

“எரிஞ்ச மணத்துக்கு எரிஞ்ச கரியோ? நல்ல படிப்பு.”

அடுத்த நாள் வேலை முடிந்து வந்தால் அறை வெண்புகை மூட்டமாக இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் தட்டில் சாம்பிராணி. பெட்டி மூச்சுத் திணறுவதுபோல் இரைந்தது, அம்மாவும்தான். பாய்ந்து யன்னலைத் திறந்தேன். இதுவும் புகைதானே அம்மா என்றேன்.

“கெட்ட மணத்தை நல்ல மணத்தாலதானே பிள்ளை கலைக்கிறது? உன்ர மெசினால தனிய ஏலாது.”

நான் படித்ததில் இதற்குப் பதில் இருந்தது. ஆனால் அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வடக்கு லண்டன் எட்மண்டனிலிருக்கும் சின்னம்மாவுக்குப் போன் எடுத்து, அம்மாவைக் கொஞ்ச நாள் வைத்திருக்கக் கேட்டேன்.

மறுநாள் ரயிலில் அம்மா யன்னலோரம் இருந்தார். பாலம் தாண்டும்போது, “எப்ப வீட்டை போவம்?” என்று கேட்டார். எந்த வீட்டைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மணம் போன பிறகு என்றேன். இரண்டுக்கும் அதுதான் பதில். எனக்குப் போய்வரும் டிக்கெட்டும் அம்மாவுக்கு ஒருவழி டிக்கெட்டும் எடுத்திருந்தேன்.