குழுவிலிருந்து நான் நீக்கிய பெண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் நடந்தது இது. அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றதும் ஏதோ பத்துப் பேர் என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஒருத்திதான் அந்தப் பிரிவு.

சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். அம்மா தவறி ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல்தான் இவ்வளவு தூரம் வேலைக்கு வந்தேன். வந்த இடத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? பஜாரில் ஒரு மாடி அறை, காலையில் ஷேர் ஆட்டோ, பகல் முழுக்க சர்வர் அறையின் ஏசி இரைச்சல், சாயங்காலம் மறுபடி அதே மாடி அறை. பாஸ்வேர்டு மறந்தவர்களையும் பிரிண்டர் மக்கர் செய்தவர்களையும் தவிர யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பொழுது போயிருக்கிறது.

அந்த வருடம் புதுப் பாகம் ஒன்றின் வரைபடம் யாருடைய போன் வழியாகவோ வெளியே போய்விட்டது. நிர்வாகம் ஆடிப்போய்விட்டது. இனி கம்பெனி விஷயங்களைப் பொதுச் செயலிகளில் பேசக்கூடாது, நம் கட்டடத்திலேயே சொந்தமாக ஒரு சாட் சர்வர் வைக்க வேண்டும் என்று முடிவானது. வைத்தேன். ஒவ்வொருவர் போனிலும் செயலியை ஏற்றிக் கொடுத்தேன். ஏற்றியதும் செய்தி போகிறதா என்று பார்க்க, என் கணக்கிலிருந்து "சாப்பிட்டாச்சா?" என்று ஒன்று அனுப்புவேன். பிறகு அவர்கள் போனை வாங்கி, நானே "ஆச்சு" என்று பதில் தட்டுவேன். அம்மா தினமும் போனில் கேட்ட கேள்வி அது. அவள் போன பிறகு என்னிடம் யாரும் கேட்காததால், நானே எல்லோரிடமும் கேட்டு நானே பதிலும் போட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. சிரிக்காதீர்கள், அன்று அது எனக்கே தெரியவில்லை.

அடுத்து விதிகள். யார் எந்தக் குழுவில் இருக்கலாம், யார் யாருக்குச் செய்தி அனுப்பலாம், எத்தனை நாளில் செய்திகள் அழிய வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டால் மீதியை சர்வர் பார்த்துக்கொள்ளும். நான் எழுதியதிலேயே எனக்குப் பெருமை தந்த விதி ஒன்று உண்டு. ஒருவருடைய வருகைப் பதிவு தொடர்ந்து ஏழு நாள் இல்லையென்றால் அவர் கணக்கு தானாக மூடிக்கொள்ளும். எல்லாக் குழுக்களிலிருந்தும் அவர் நீங்கிவிடுவார். வேலையை விட்டுப் போனவர்கள் குழுவில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது இல்லையா? மீட்டிங்கில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அன்று சாயங்காலம் அதைச் சொல்ல ஆளில்லாமல் மாடி அறையில் தனியாக உட்கார்ந்து ஒரு பாதுஷா சாப்பிட்டேன்.

விதி முதன்முதலாக ஓடியது ஒரு சனிக்கிழமை மதியம். பத்தே நிமிடத்தில் எலக்ட்ரீஷியனிடமிருந்து போன்.

"இன்னா மேடம், என்னை கம்பெனிய உட்டே தூக்கிட்டீங்களா? காலைலேர்ந்து இங்கதான கீறேன்!"

விசாரித்ததில், அவர் பின் கேட் வழியாக வருகிறவர். மழையில் அங்கிருந்த கைரேகை இயந்திரம் கெட்டுப்போய், இரண்டு வாரமாக ஒரு நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்களாம். நோட்டு கம்ப்யூட்டருக்கு வந்து சேரவே இல்லை. சிரித்துக்கொண்டே அவர் கணக்கைத் திறந்துவிட்டேன். அவரைப் போல இன்னும் யாராவது அந்த நோட்டில் இருக்கிறார்களா என்று கேட்கத் தோன்றவில்லை. சத்தம் போட்டவருக்கு வழி செய்தாயிற்று; அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை சர்வர் பதிவுகளைப் புரட்டியபோது ஒரு வரி கண்ணில் பட்டது. ஒரே கணக்கில் சனிக்கிழமை மதியம் பதினான்கு முறை நுழைய முயற்சி. பதினான்கும் தோல்வி. அதன் பிறகு ஒன்றுமே இல்லை. பெயரைப் பார்த்தேன். எடை மேடையில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி. லாரிகள் வர வர எடை போட்டு, வண்டி எண்ணோடு குழுவில் அனுப்புகிற அக்கா.

எடை மேடை பின் கேட்டுக்குப் பக்கத்தில்தான். அவரும் அந்த நோட்டில்தான் கையெழுத்துப் போட்டிருப்பார். சர்வர் அறையிலிருந்து ஐந்து நிமிட நடை. வேலைக்குச் சேர்ந்த ஒன்பது மாதத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அங்கே போகிறேன். ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கேபின், ஒரு மின்விசிறி, சுற்றிலும் சேறு. ஸ்டோர்ஸிலிருந்து வந்த ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே எடை போட்டுக்கொண்டிருந்தார்.

"அது நேத்துலேர்ந்து வர்ல மேடம். சாவிய செக்யூரிட்டியாண்ட குட்துட்டு போய்ச்சாம். ஒரே பேஜாரா கீது. நாளைக்கு வேற பொண்ணு வருதுன்னு கான்ட்ராக்டர் சொல்லிகினு இருந்தாரு."

அந்த அக்காவின் எண்ணுக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒப்பந்தக்காரரிடம் முகவரி வாங்கிக்கொண்டு, அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, எளாவூர் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா என்னைக் கண்டதும் முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"மேடம்! நீங்களா? எதுனா பொருள் கொறையுதா? நா எல்லாத்தயும் செக்யூரிட்டியாண்ட ஒப்படைச்சிட்டுத்தான் வந்தேன் மேடம்."

ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"குரூப்லேர்ந்து எட்துட்டா வேலை போய்ச்சின்னுதான மேடம்? போன கம்பெனிலயும் இப்டித்தான். எங்களுக்கு இன்னா லெட்டரா குடுப்பாங்க? குரூப்ல பேர் இல்லன்னா மறுநாள் போவக்கூடாது. போய் நின்னா அசிங்கம்."

ஒப்பந்தத் தொழிலாளர்களை வேலையிலிருந்து நிறுத்தும் வழி அந்தப் பக்கத்தில் அதுதான் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். யாரும் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. குழுவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். மீதியை அவர்களே புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முந்தின வாரம், மகளின் நர்சிங் படிப்புக்குச் சான்றிதழ் வாங்க திருவள்ளூர் போக வேண்டும் என்று இவர் லீவு கேட்டிருக்கிறார். சூப்பர்வைசர் சத்தம் போட்டிருக்கிறார். அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று எண்ணிக்கொண்டார். கணவர் வேலையிழந்து வீட்டில் இருந்தார். அந்த வீடு இவருடைய சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே போய் போனை எடுத்து வந்து ஆன் செய்து காட்டினார். திரையில் இருந்தது நான் எழுதிய வாசகம்: உங்கள் கணக்கு மூடப்பட்டுள்ளது. நிர்வாகியை அணுகவும்.

"அது யாருன்னே தெர்லியே மேடம். யாராண்ட போய் கேக்கறது?"

"நான்தான்கா அது" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர்தான் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தவறு செய்தவள் நான், தேற்றியவர் அவர்.

கம்பெனிக்குத் திரும்பியதும் நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டவர் சாதாரணமாக, "சிஸ்டம் எரர்னு ஒரு மெயில் போட்டு விட்ருங்க, முடிஞ்சிது" என்றார். எங்கள் கம்பெனியில் எல்லாப் பழியையும் தாங்கிக்கொள்ள சிஸ்டம் என்று ஒன்று இருந்தது. அது வாய் திறக்காது, வசதிதான். ஆனால் அப்படி எழுதினால், வராமல் நின்றது அந்த அக்காவின் தவறாகவே போய்விடும்.

"சிஸ்டம் இல்ல சார். நான் விசாரிக்காம எழுதின ரூல். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. அந்த வருடம் எனக்கு வரவேண்டிய பாராட்டெல்லாம் அந்த நிமிடமே காற்றில் போனது எனக்குத் தெரிந்தது. இருந்தும் நல்ல மனிதர். என் முன்னாலேயே ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு, புது ஆள் வேண்டாம் என்று சொன்னார்.

புதன்கிழமை காலை அக்கா வேலைக்கு வந்தார். நான் கணக்கைத் திறந்து, குழுக்களில் சேர்த்து, பழக்க தோஷத்தில் சோதனைச் செய்தியை அனுப்பினேன். "சாப்பிட்டாச்சா?"

இந்தத் தடவை பதில் தட்ட அந்த போன் என் கையில் இல்லை. ஐந்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. லாரி நிற்கிறதோ என்னவோ என்று காத்திருந்தேன். பிறகு வந்தது.

"ஆச்சு மேடம். நீங்க சாப்டீங்களா?"

நான் சாப்பிட்டிருக்கவில்லை. சர்வர் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பின் கேட்டுக்கு நடந்தேன். கேபினில் ஒரு நாற்காலிதான். அக்கா ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பகல் முழுக்க ஒரு ஆள்கூடப் பேச வராத இடம் அது என்று, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

இப்போது காக்களூரில் வேறொரு கம்பெனியில் இருக்கிறேன். இங்கேயும் அதே விதியை எழுதியிருக்கிறேன். ஆனால் கணக்குகள் தானாக மூடாது. பட்டியல் என்னிடம் வரும். அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் மூடுவேன். பழைய சர்வரில் தொண்ணூறு நாளில் எல்லாச் செய்திகளும் அழிந்துவிடும் என்பதும் என் விதிதான் என்பதால், அந்த அக்காவின் பதிலை அப்போதே என் டைரியில் எழுதிவைத்துக்கொண்டேன். என்னை யாருமே கேட்பதில்லை என்று ஒன்பது மாதம் நான் மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தபோது, ஐந்து நிமிட நடையில் என்னைப் போலவே ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள், நானும் அவளைப் போய்க் கேட்கவில்லை என்பதுதான், டைரியின் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் இன்றும் என்னைக் குத்துகிறது.