மூடி மேடம்

நாக்கை நீட்டிக் கல்லை நக்கிப் பார்க்கிறார். உருளையாக வெட்டியெடுத்த சாம்பல் நிறக் கல். பசை தடவியதுபோல் நாக்கு அதில் ஒட்டிக்கொள்கிறது. பிய்த்தெடுத்ததும் முகம் மலர்கிறது. "பாத்தீங்களா, விடமாட்டேங்குது! களிமண் நெறய இருக்கு. இதுதான் நம்ம மூடி."

கடலடியில் துளை போட்டு எடுத்த கற்களை அடுக்கிவைத்திருக்கும் நீளமான கொட்டகையில் அவர் பாறை ஆய்வாளர். சிமெண்ட் ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, குழாய் வழியே கொண்டுபோய், கடலுக்கு அடியிலுள்ள மணற்பாறைக்குள் அழுத்தி ஏற்றுகிறார்கள். பஞ்சு தண்ணீரை இழுப்பதுபோல் அந்தப் பாறை வாயுவை இழுத்து வைத்துக்கொள்ளும். அதன் தலைமேல் களிமண் பாறை கெட்டியாக உட்கார்ந்திருந்தால்தான் வாயு மேலே வராது. அந்த மேல்பாறையைப் பற்றியே ஓயாமல் பேசி 'மூடி மேடம்' என்று பெயர் வாங்கிவிட்டார்.

வீட்டிலும் அதே கதைதான். சர்க்கரை டப்பா, எண்ணெய் பாட்டில் எதுவானாலும் முறுக்கோ முறுக்கென்று முறுக்கிவிடுவார். "உங்கம்மா மூடினதைத் தொறக்கணும்னா சின்ன வயசுலேருந்தே ஜிம்முக்குப் போயிருக்கணும்டி" என்று கணவர் மகளிடம் புலம்புவார்.

மேடத்தின் அண்ணன் மீன்பிடி படகு வைத்திருக்கிறார். திட்டம் வந்தபோது மற்ற படகுக்காரர்கள் கொதித்தார்கள். "என் தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர்களை அடக்கியவர் இவர்தான். போன மாதம் ஒரு காலை அவர் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. மேடத்துக்கு அதுவே பயமாக இருந்தது.

"உங்க குழாய் எறங்குற பக்கமா தண்ணியில கொப்புளம் கொப்புளமா வருதும்மா. மத்தவங்களும் பாத்துட்டாங்க. நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்லட்டும்?"

மேடம் உடனே அலுவலகத்துக்குப் போன் போட்டார். அழுத்தமானிகளில் ஒரு மாற்றமும் இல்லை, ஆய்வகக் குழு நாளைக்கு வரும் என்றது அலுவலகம். மேடத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. புனலும் பாட்டிலுமாக அண்ணனின் படகில் போய் ஏறிக்கொண்டார்.

அங்கே குமிழ்கள் சரம் சரமாக வந்துகொண்டுதான் இருந்தன. பாட்டிலில் கடல்நீரை நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே தலைகீழாகக் கவிழ்த்து, வாயில் புனலைச் செருகிக் குமிழ்களுக்கு மேல் பிடித்தார். வாயு ஏற ஏறத் தண்ணீர் இறங்கியது.

"அண்ணே, லைட்டரைக் குடு."

"எதுக்கும்மா?"

"நாங்க உள்ள விடறது நெருப்பை அணைக்கிற வாயு. அது எரியாது. இது எரிஞ்சா நம்மளது இல்ல."

"எரியலேன்னா?"

மேடம் புனலைக் கழற்றி, பாட்டில் வாயை உள்ளங்கையால் பொத்தித் தூக்கி, லைட்டரைத் தட்டினார். முதல் பொறியைக் காற்று தின்றுவிட்டது. அண்ணன் குறுக்கே வந்து உட்கார்ந்து காற்றை மறைத்துக்கொண்டார். அடுத்த பொறிக்குப் 'பக்'கென்று பாட்டில் வாயில் நீலமாக ஒரு சுடர் ஓடியது.

"எரியுதுண்ணே! எரியுது!" வீடு தீப்பிடித்தவர் போடும் கூச்சல்தான், ஆனால் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே போட்டார்.

கடல்தரைச் சேற்றில் மக்கிப்போன செடிகொடிகளிலிருந்து கிளம்பிய வாயு அது. பிறகு ஆய்வகமும் அதையேதான் சொன்னது. அண்ணனுக்கு அவ்வளவு விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. "என் மானத்தைக் காப்பாத்திட்டே" என்றார். உடனே போனை எடுத்துக் கரையிலிருந்தவர்களிடம், "மேல் சேத்துலேருந்து வர்றதுப்பா. என் தங்கச்சி கொளுத்தியே காட்டிட்டா!" என்று கத்தினார்.

திரும்பும்போது மேடம் கயிற்றுச் சுருளில் சாய்ந்தபடி சேற்றைப் பற்றி விளக்கிக்கொண்டே வந்தார். ஒரு வாக்கியத்தின் பாதியிலேயே தூங்கிப்போனார். கரை நெருங்கியது. படகுக்காரர்கள் கூட்டமாக நின்று, விவரம் கேட்டு ஆளாளுக்குக் குரல் கொடுத்தார்கள். அண்ணன் எஞ்சின் வேகத்தைக் குறைத்தார். தங்கையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவர்களை நோக்கி உதட்டின்மேல் விரலை வைத்தார்.