பதினெட்டு மைல் காட்டிய மீற்றர்

என் கணவரிடம் ஒரு பழைய ஒஸ்ரின் கார் இருந்தது. கறுப்பு நிறம், உயர்ந்த சில்லுகள். அப்போது நாங்கள் கொடிகாமத்தில் இருந்தோம். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று அந்தப் பக்கத்தவர்கள் அதைத்தான் வாடகைக்குப் பிடிப்பார்கள். முன்சீற்றில் ஏறியிருந்து ஒழுங்கையால் போகும்போது ஆட்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். அதை மறைக்க மாட்டேன்.

தொண்ணூறுக்குப் பிறகு, சண்டையும் தடையும் வந்து, பெற்றோல் வருவது நின்றுபோனது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சொட்டுப் பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். வீட்டு விளக்குக்கும் அந்த எண்ணெய்தான், காருக்கும் அந்த எண்ணெய்தான். அது கிடைப்பதே பெரும்பாடு. காரின் எண்ணெய்த் தாங்கியில் மிச்சம் கிடந்தால் ஆட்கள் குழாய் விட்டு உறிஞ்சிக்கொண்டு போய்விடுவார்கள். எண்ணெய் காட்டும் முள்ளும் எப்போதோ பழுதாகிவிட்டது. அதனால் இவர் போத்தல் கணக்கில் ஓடுவார். ஒரு போத்தலுக்கு நாலு மைல். போகிற தூரத்துக்கு எத்தனை போத்தலோ அத்தனையை ஊற்றுவார். அதற்கு மேல் ஒரு சொட்டும் விடமாட்டார்.

ரயர்கள் தேய்ந்து நூல் தெரியத் தொடங்கியது. அந்த அளவு ரயருக்கு எங்கே போவது? இவர் யாரோ ஒருவரின் வளவில் கிடந்த வேறொரு காரின் நாலு சில்லுகளையும் றிம்மோடு கழற்றி வந்து பூட்டினார். அவை சின்னச் சில்லுகள். கார் இரண்டு விரல் பதிந்து நின்றது. எனக்கு ஏறி இறங்கச் சுகமாகத்தான் இருந்தது.

அதன்பிறகு இவருக்கு ஒரே புளுகம், பெருமை. "சில்லு மாத்தினாப் பிறகு போத்தலுக்கு நாலரை மைல் ஓடுது" என்று கடையிலும் கோயில் வீதியிலும் சொல்லித் திரிந்தார்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். இப்போதும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் இலக்கம் எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கை முகப்பில் பழைய மைல்கல் ஒன்று நின்றது. அதிலிருந்து சாவகச்சேரிச் சந்தைப் பக்கம் போக நாலாவது கல் வரும். எத்தனை வருடம் தலையில் கடகத்தோடு நடந்த வழி அது. ஒருநாள் காரில் சந்தைக்குப் போனபோது ஓடிய மைல் காட்டும் மீற்றரைப் பார்த்துக்கொண்டே போனேன். நாலாவது கல்லைத் தொட்டபோது மீற்றரில் நாலு கடந்து அடுத்த இலக்கம் பாதி ஏறி நின்றது.

"இஞ்சேருங்கோ, கல்லு நாலுதான் போச்சுது. இது நாலரை காட்டுது."

"கல்லை நட்டது ஆர்? வெள்ளைக்காரன். மீற்றரைச் செய்தது ஆர்? அவனும் வெள்ளைக்காரன். ரெண்டு பேருக்கும் நடுவிலை நீ ஏன் போறாய்?" என்றார்.

பின்சீற்றில் சந்தைக்குப் போகும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சொன்னார்: "அண்ணை, மீற்றரைக் கழட்டிப்போட்டு அக்காவைப் பூட்டிவிடுங்கோ. எண்ணெயும் தேவையில்லை." எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் விட இவர்தான் கூடச் சிரித்தார்.

நான் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டேன். ஒன்றை இரண்டு தரம் சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை.

எனக்கு ஒரேயொரு அண்ணை. மானிப்பாய்ப் பக்கம் கல்யாணம் செய்து அங்கேயே இருந்தார். அவருடைய மகளின் கல்யாணத்தில் ஆராத்தி எடுக்க என்னைக் கூப்பிடவில்லை. பெண்ணின் சொந்த மாமி நான் பந்தலில் நிற்க, வேறொருத்தி தட்டை ஏந்தினாள். நான் கை நனைக்காமல் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு ஏழு வருடம் அண்ணையோடு கதை இல்லை. அவர் இரண்டு தரம் ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. மூன்றாந்தரம் அவரே வரட்டும் என்று இருந்தேன்.

மூன்றாந்தரமும் ஆள்தான் வந்தது. அண்ணையின் மைத்துனர் விடியற்காலையில் வெளிக்கிட்டு, சைக்கிள் மிதித்து, வேர்த்து விறுவிறுத்து வந்து படலையில் நின்றார்.

"அத்தான் மானிப்பாய் ஆஸ்பத்திரியிலை. இண்டைக்குத் தாண்டுறது கஷ்டம் எண்டு சொல்லிப்போட்டினம். தங்கச்சி வரேல்லையோ, தங்கச்சி வரேல்லையோ எண்டுதான் கேக்கிறார்."

நான் சேலை மாற்றவில்லை. நேரே குசினிக்குப் போனேன். மண்ணெண்ணெய் ஐந்து போத்தல் இருந்தது.

"மானிப்பாய் பதினெட்டு மைல்" என்றார் இவர். அது பழைய சில்லில் ஓடிய காலத்தில் மீற்றர் காட்டிய கணக்கு. சரியான கணக்கு. "போத்தலுக்கு நாலரை. நாலு போத்தல் காணும். வரேக்கை அங்கை பாப்பம். ஒண்டை விளக்குக்கு வை."

நாலு போத்தலையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாவதிலும் கை வைத்தேன். நாலரை என்பது பொய் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வந்தது. பின்சீற்றுச் சிரிப்பு காதில் கேட்டது. ஒருக்கால் சொன்னேன்தானே, இனி அவர் பாடு என்று கையை எடுத்துவிட்டேன்.

கைதடி, கோப்பாய், உரும்பிராய் எல்லாம் கழிந்தது. மானிப்பாய்க்கு இன்னும் இரண்டு மைல் இருக்கும்போது கார் இரண்டு தரம் குலுங்கி நின்றது. இரண்டு பக்கமும் செம்மண் தோட்டம். இவர் இறங்கிப் போனற்றைத் திறந்தார், மூடினார். தாங்கிக்குள் ஒரு தடியை விட்டுப் பார்த்தார். தடி காய்ந்தபடி வந்தது. பிறகு மீற்றரைக் குனிந்து பார்த்தார்.

"பதினெட்டு ஓடிட்டுதே" என்றார்.

வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "என்ன அண்ணை, எங்கை போகவேணும்?"

"மானிப்பாய்க்கு. மீற்றரின்ரை கணக்குக்கு வந்திட்டம்."

"அப்ப சரி. கார் வந்திட்டுது. மானிப்பாய்தான் இன்னும் வரேல்லை."

இவர் எண்ணெய் கேட்டு வீடு வீடாகப் போனார். நான் நடந்தேன். அந்த இரண்டு மைலுக்கும் நான் அவரைத் திட்டவில்லை. ஐந்தாவது போத்தல் குசினி மூலையில் நிற்பது என் கண்ணுக்குள் தெரிந்துகொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரி விறாந்தையில் அண்ணையின் மனைவி சுவரோடு சாய்ந்து இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"இப்பத்தான் மச்சாள். கால் மணித்தியாலம் ஆகேல்லை. றோட்டிலை கார்ச் சத்தம் கேட்ட நேரமெல்லாம், அது தங்கச்சி எண்டு சொன்னார்."

அண்ணையின் கண்ணை மூடிவிட்டிருந்தார்கள். ஏழு வருடத்தில் தலை முழுதும் நரைத்திருந்தது. மூன்றாந்தரம் நீங்களே வந்திருக்கலாம் என்று அப்போதும் எனக்குள் ஒரு நினைவு ஓடியது. அப்படிப்பட்டவள் நான்.

அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகுதான் இவர் மீற்றரைத் திருத்த வெளிக்கிட்டார். சாவகச்சேரியில் மணிக்கூடு திருத்துகிறவர் ஒருவர் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சில்லு சின்னன். ஒரு மைலுக்கு முந்தியை விடக் கூடத் தரம் உருளும். மீற்றர் உருளுறதைத்தான் எண்ணும், அதுக்கு றோட்டைத் தெரியாது. உள்ளை வேறை பல்லுச் சக்கரம் போடவேணும். இந்தக் காலத்திலை அதுக்கு எங்கை போறது?"

ஆகையால் கடதாசியில் திருத்தினார்கள். கல்லுக்குக் கல் ஓடிப் பார்க்கவேண்டும். இவர் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்து கல்லை எண்ணினேன். எட்டாவது கல்லில் மீற்றர் ஒன்பது காட்டியது. அந்த மணிக்கூட்டுக்காரர் வெள்ளைக் கடதாசி வெட்டி வேகம் காட்டும் முகத்தில் ஒட்டி, நாற்பத்தைந்து இருந்த இடத்தில் நாற்பது என்று எழுதினார். மைலுக்குத் தனியாக ஒரு துண்டு: ஒன்பது காட்டினால் எட்டு. அதைச் சோற்றுப்பசையால் இவரே கண்ணாடிக்குக் கீழே ஒட்டினார்.

ஒட்டிவிட்டு விரலைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"நீ அண்டைக்குச் சொன்னது சரிதான். பேந்து ஒருக்கால் சொல்லியிருக்கலாமே?"

நான் திரும்பிக் குசினிக்குப் போனேன். அவர் அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டார். கடைசிவரை அப்படித்தான் நினைத்திருந்தார். பழியெல்லாம் தன்னுடையது என்றே சுமந்துகொண்டு போய்விட்டார். நானும் சுமக்க விட்டேன்.

அந்த ஐந்தாவது போத்தல் எண்ணெயைச் செத்தவீடு முடிந்து வந்த அன்றே விளக்கில் ஊற்றினேன். திரியைச் சின்னதாக வைத்து, கன நாளுக்கு எரித்தேன்.